நான்கு அடிப் பட்டை

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் நடைபாதையை ஒட்டி நான்கு அடி அகலத்துக்கு ஒரு புல்தரை ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஆள் உயரப் புல். இந்த நான்கு அடியை வெட்ட வாரம் ஒரு முறை ஆள் வருகிறார். அதற்குக் காசு கொடுக்கிறோம், அந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதும் நான்தான். வெட்டாமல் விட்டால் உள்ளே இருக்கும் செடி ஒன்றுக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எங்கள் பிரெய்ரியை, அதாவது நாட்டுப் புல்லும் பூச்செடிகளும் கலந்த அந்தப் புல்வெளியை, காப்பாற்றியது செடிகளோ, வேர்களோ, நான் கூட்டத்தில் பேசிய பேச்சோ இல்லை, இந்தப் பட்டைதான். மூன்று வருஷமாக இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சிகாகோவுக்கு மேற்கே, ஐ-88 நெடுஞ்சாலையை ஒட்டிய புறநகர் எங்களுடையது. இரண்டு மாடி, பதினோரு அலுவலகம். ஒரு பல் டாக்டர், ஒரு பிசியோதெரபி நிலையம், இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு பேர், மூலையில் வரிக்கணக்கு போட்டுக் கொடுக்கும் நான். கணக்கு தெரிந்தவள் என்பதால் உரிமையாளர் சங்கத்தின் பொருளாளர் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இருப்பது போலவே எங்களுக்கும் பின்னால் மழைநீர் போய்ச் சேர ஒரு குளம் உண்டு. தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஒட்ட வெட்டிய புல். அந்தப் புல்லின் வேர் சில அங்குலம்தான் போகும் என்பதால் கரை வருஷா வருஷம் சரிந்துகொண்டிருந்தது. அது போதாதென்று கனடா வாத்துகள். வெட்டிய புல் அவற்றுக்குச் சாப்பாடு, திறந்த வெளி பாதுகாப்பு. நரி வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும் அல்லவா. வரிக்கணக்குக் கொடுக்கக் கடைசி நாளான ஏப்ரல் 15-க்கு முந்தின வாரம், கைநிறையக் காகிதங்களோடு காரிலிருந்து இறங்கும் என் வாடிக்கையாளரை முட்டை காக்கும் வாத்து ஒன்று சீறிக்கொண்டு துரத்தும். அவர் மூச்சு வாங்க உள்ளே வந்து, "உன் வாத்து" என்பார். என் வாத்தாம்!

தரிசு

கரையைச் சரிசெய்யக் கூப்பிட்ட நிறுவனங்களில் ஒன்று, கல் அடுக்குவதற்குப் பதிலாக நாட்டுச் செடிகளை வைக்கச் சொன்னது. நாட்டுக் கோழி, நாட்டு மாடு என்கிற அர்த்தத்தில் நாட்டு. வந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், முழங்கால் வரை சேறு. குளத்தங்கரையோடு நிறுத்தாமல் முன்பக்கச் சரிவையும் சேர்த்து ஒன்றேகால் ஏக்கரையும் பிரெய்ரி ஆக்கிவிடலாம் என்றார். பிக் புளூஸ்டெம் புல்லின் வேர் எட்டு, பத்து அடி இறங்கும், கரை நிற்கும். புல் உயர்ந்தால் வாத்துக்கு எதிரே வருவது தெரியாது, தானாக இடத்தை மாற்றிக்கொள்ளும். மூன்று வருஷத்துக்கு அப்புறம் தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம். நான் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஏப்ரலில் ஆரம்பித்து அக்டோபர் வரை வாராவாரம் புல் வெட்டும் கூலி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். சரி என்று கையைத் தூக்கினேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குப் பிரெய்ரியும் தெரியாது, வண்ணத்துப்பூச்சியும் தெரியாது. தெரிந்தது கூட்டல் கழித்தல்தான். போகும்போது அந்த அம்மாள் சொன்னார்: "முதல் வருஷம் தூங்கும், இரண்டாம் வருஷம் தவழும், மூன்றாம் வருஷம் தாவும். அதுவரை கண்ணை மூடிக்கொள்ளுங்கள்." இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற வாசகமாம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டியவர்கள் பதினோரு அலுவலகத்திலும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பிரெய்ரியின் முதல் வேலை களைக்கொல்லி அடிப்பது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. 2020 செப்டம்பரில் புல்தரை முழுக்க மருந்தடித்துக் கொன்றார்கள். அது வைக்கோல் நிறத்துக்கு மாறியதும், தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதா என்று இன்சூரன்ஸ்காரர் கேட்டார். நவம்பரில் விதை தூவினார்கள். இந்த விதைகளில் பலவற்றுக்குக் குளிர்காலத்தை ஈர மண்ணில் கழித்தால்தான் முளைக்கும் புத்தி வரும். பனி வந்து மூடியது, நாங்களும் மறந்தோம். 2021 கோடையில் முளைத்ததென்னவோ விதைத்தவை அல்ல. மண்ணுக்குள் இத்தனை நாள் காத்திருந்த களை எல்லாம் எழுந்து வந்தது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் வாழ்ந்தவர். ஒருநாள் கூட வந்தவர் குனிந்து ஒரு தழையைக் கிள்ளி, "ஏட்டி, இது சக்கரவர்த்திக் கீரைல்லா, இவ்வளவு கெடக்கே!" என்றார். அந்த மண்ணில் அடித்த மருந்தை நினைத்து, வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கீரை போன ஆத்திரமோ என்னவோ, அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுச் சரிவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "காசக் குடுத்தா தரிசு போடுவாக? பாம்பு அடையும், பாத்துக்கோ."

அந்தக் கோடையில் களை பூக்குமுன்னே ஆறு அங்குல உயரத்தில் மூன்று முறை வெட்டினார்கள். அது முறையான வேலை. கீழே பிரெய்ரி நாற்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்க வேண்டும், களை விதை விடக் கூடாது. இரண்டாம் வருஷம் வெட்டாமல் விட்டோம். கறுப்புக் கண் மஞ்சள் பூ ஒரு பக்கம் அள்ளிக்கொண்டு பூத்தது. மற்ற இடமெல்லாம் முட்டளவு, இடுப்பளவு என்று ஒழுங்கில்லாத பச்சை. நடுவே வெள்ளைக் குடையாய்க் காட்டுக் கேரட், நீலமாய்ச் சிக்கரி. இவை அழகாக இருக்கின்றனவே என்று நான் பாராட்டியதைக் கேட்டு அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவையாம். கனடா திஸில் என்ற முள்செடியும் ஐரோப்பாதான். நாங்கள் கொன்ற கென்டக்கி புளூகிராஸ் புல்லும் கென்டக்கியில் பிறந்ததில்லை, அதுவும் கடல் தாண்டி வந்ததே. இந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இருபது வருஷத்துக்கு முன் விசா முத்திரையோடு இறங்கிய எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. எங்கள் ஊரை மூடியிருக்கும் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனது. நாமாவது பேரிலேயே 'சீமை' என்று உண்மையைச் சொல்லிவிட்டோம்.

பல் டாக்டர்தான் முதலில் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். நோயாளிகள் கட்டடம் மூடிக் கிடக்கிறதோ என்று கேட்கிறார்களாம், உண்ணி வரும் என்று பயப்படுகிறார்களாம். அடுத்து ஊர் நிர்வாகத்திலிருந்து ஒரு நோட்டீஸ்: எட்டு அங்குலத்துக்கு மேல் களை வளர்ந்திருக்கிறது, பத்து நாளில் வெட்டுக. அதே நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தில், திட்டம் போட்டு நட்ட நாட்டுச் செடிகளுக்கு விலக்கு உண்டு, இன்ன படிவத்தை நிரப்புக என்றும் இருந்தது. அடிக்குறிப்பு வரைக்கும் படிப்பது என் பிழைப்பு. அன்றைக்கு முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். விதி எனக்கு ஒரு சாக்கு. காலையில் காரை நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பச்சையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வந்தவர்கள் கையில் கட்டடத்தைக் கொடுத்தால் இப்படித்தான் போட்டு வைப்பார்கள் என்று யாரோ பேசிக்கொள்வது போல, யாரும் பேசாத ஒன்று காதில் விழுந்துகொண்டே இருந்தது. சங்கத்தில் யாரையும் கேட்காமல், புல் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டு மொத்தத்தையும் வெட்டச் சொன்னேன்.

காபிக் கோப்பை

2022 ஜூலை முதல் வாரம், புதன்கிழமை. வாடிக்கையாளர் ஒருவருக்கு வருமான வரி நோட்டீஸ் வந்து, அவரைப் போனில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். வெளியே எந்திரத்தின் இரைச்சல். திடீரென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெட்டுகிற ஆள் நின்றார். நாற்பது வயது, தலையில் வைக்கோல் தொப்பி, காது மூடி கழுத்தில் தொங்குகிறது, கையில் தெர்மகோல் காபிக் கோப்பை. கோப்பையைத் தூக்கிக் காட்டி, பின்பக்கம் கையை நீட்டி ஏதோ சொன்னார். குளத்தங்கரையையும் வெட்டவா என்று கேட்கிறார் என நினைத்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள் என்று கையால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். அவர் போகவில்லை. நான் கட்டைவிரலை உயர்த்திவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். இரைச்சல் மறுபடி ஆரம்பித்தது.

சாயங்காலம் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஜன்னல் விளிம்பில் அந்தக் கோப்பை. குப்பைத் தொட்டியில் போட எடுத்தேன். கனம் இருந்தது. உள்ளே இரண்டு அகலமான இலைகள், கிள்ளிய காம்பில் வெள்ளைப் பால் காய்ந்து பிசுபிசுத்தது. இலை விளிம்பில் மூன்று புழுக்கள், கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று வரிவரியாக. ஒன்று என் சுண்டுவிரல் நீளம். அது சத்தமே இல்லாமல், தலையை மேலிருந்து கீழாக அசைத்து அசைத்து இலையை அரை நிலா வடிவில் அரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். இலையைத் தொட்டு விரலை முகர்ந்துவிட்டு, "எருக்கஞ்செடில கெடக்குற புழு கணக்கால்லா இருக்கு" என்றார். தேடிப் பார்த்தேன், அம்மா சொன்னது தப்பில்லை. அந்த இலை மில்க்வீட் என்ற செடியினுடையது, அது எருக்குக்கு உறவு. ஊரில் எருக்கிலையில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும், இந்தப் புழு வளர்ந்து ஆகும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியும் ஒரே பேரினம். மோனார்க் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறெதையும் தின்று வளராது. எங்கள் மில்க்வீட் முழுவதும் அன்று மாலை சரிவில் துண்டு துண்டாய்க் கிடந்து வாடிக்கொண்டிருந்தது.

அடுத்த பத்து நாள் நான் இலை பொறுக்கினேன். புழு ஒன்றுக்கு ஒருநாளைக்கு ஒரு பெரிய இலை போதவில்லை. கடைசியில் மெட்ரா என்ற புறநகர் ரயில் பாதையின் வேலி ஓரத்தில் மில்க்வீட் கிடைத்தது. அங்கே ஏன் இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் இல்லினாய் மாநிலத்துக்குச் செல்லப் பெயரே பிரெய்ரி மாநிலம். 1820 வாக்கில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் இருந்தது. இப்போது உழவு படாமல் நல்ல நிலையில் மிஞ்சியது 2,500 ஏக்கருக்கும் குறைவு. அந்தக் கறுப்பு மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் களியாக ஒட்டிக்கொள்ளும். நாலடிக்கு ஒருமுறை நின்று சுரண்ட வேண்டும். கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் 1837-ல் வழவழப்பான எஃகுக் கலப்பை செய்தார். மண் வழுக்கிக்கொண்டு போனது, அதோடு பிரெய்ரியும் போனது. மிஞ்சியது கலப்பை போகாத இடங்களில்தான்: பழைய கல்லறைத் தோட்டங்கள், தண்டவாள ஓரங்கள் மாதிரி. நான் அறுத்துத் தள்ளியதை அங்கே போய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு புழு செத்துப்போனது. மற்ற இரண்டும் பச்சைக் கூடாகித் தொங்கின. கூட்டின் கழுத்தில் தங்கப் பொட்டு வைத்த மாதிரி வரிசை. நிஜமாகவே தங்கம் போல மினுங்கும். அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார்.

அடுத்த வாரம் அந்தத் தொப்பிக்காரர் வெட்ட வந்தபோது நான் வெளியே போய் நின்றேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. செடிக்குச் செடி புழு இருந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்காதோ என்று கேட்க வந்தேன், நீங்கள் வேலையாக இருந்தீர்கள் என்றார். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். மெக்சிகோவில் மிச்சோகான் அவர் ஊர். மலைமேல் ஊசியிலை மரங்கள், கிளை தெரியாமல் ஆரஞ்சு நிறத்தில் பூச்சி அப்பிக் கிடக்கிறது. நவம்பர் தொடக்கத்தில், செத்தவர்களைக் கும்பிடும் நாளை ஒட்டி வந்து இறங்குமாம். முன்னோர்களின் உயிர்தான் வருகிறது என்பார்களாம். நான் ஆசையோடு, என் வீட்டிலிருக்கும் இரண்டும் அங்கே வருமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஜூலையில் பிறப்பவை சில வாரம்தான் உயிரோடிருக்கும், ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பிறப்பவைதான் மெக்சிகோ போகும். நான் வளர்த்தவை போகாது. அவற்றின் பிள்ளையோ பேரனோ போகலாம். எத்தனைப் பேரன்களை வெட்டினேன் என்பதற்கு அவர் கணக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஜூலை 21-ம் தேதி, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வலசை போகும் மோனார்க்கை அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருஷம் அதை ஒரு படி இறக்கினார்கள். ஆனால் நான் செய்தியைப் படித்தது அந்த ஜூலையில், சமையலறை மேசையில், கூடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

வாசல்

செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேர் கீழே இருக்கிறது, இரண்டே வாரத்தில் துளிர்த்தது. நான் ஒப்புக்கொண்டதைக் கேட்டுச் சேற்றுக்கால் அம்மாள் திட்டவும் இல்லை. "செடி பிரச்சினையே இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேண்டியது ஓரம்" என்றார். நடைபாதையை ஒட்டி நான்கு அடி மட்டும் பழைய புல்லை வளர்த்து வாரம் தவறாமல் வெட்டுங்கள், கோடு பிடித்த மாதிரி இருக்கட்டும், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள், அவ்வளவுதான். படிவத்தை நிரப்பி ஊர் நிர்வாகத்துக்கும் அனுப்பினேன். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்தேன்.

புகார் நின்றுபோனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட இல்லை, பட்டை பச்சைப் பிடித்த மாதமே நின்றது. உள்ளே அதே ஒழுங்கில்லாத செடிகள், அதே காய்ந்த தண்டுகள். பல் டாக்டர் என்னைப் பார்த்து, "இப்போது நன்றாகச் செய்திருக்கிறார்கள், முன்னால் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்களா?" என்றார். ஒரு செடியைக்கூட எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஜோன் நாசாவர் என்ற நிலவடிவமைப்புப் பேராசிரியர் 1995-லேயே இதை எழுதியிருக்கிறார். ஜனங்கள் செடியைப் பார்ப்பதில்லை, யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்ற அறிகுறியைத் தேடுகிறார்கள், அது கண்ணில் பட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஒழுங்கின்மையைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று. இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவின் கோலம். ஊரில் காலை ஏழு மணிக்கு ஒரு வாசலில் கோலம் இல்லையென்றால் எதிர்வீட்டு அத்தை வந்து எட்டிப் பார்ப்பார்: "உள்ள யாருக்கும் மேலுக்கு முடியலையா?" கோலம் வீட்டைச் சுத்தம் செய்வதில்லை. உள்ளே பாத்திரம் கழுவாமல் கிடக்கலாம், துணி மூட்டையாய்க் கிடக்கலாம். வாசலில் நாலு புள்ளியும் ஒரு சுழியும் இருந்தால் போதும், ஆள் இருக்கிறார்கள், எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, அப்படியென்றால் ஏன் உறுத்துகிறது? அந்தக் கோலம் பொய் சொல்வதில்லை என்பதாலா? எங்கள் பட்டைக்கு எண்ணெய் எரிக்கும் எந்திரம் வேண்டும், ஆகஸ்டில் தண்ணீர் வேண்டும். எந்தப் புல்லை வேண்டாமென்று கொன்றோமோ அதையே நான்கு அடிக்கு மட்டும் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் புல்தரை மொத்தத்தையும் குறைத்து மதிப்பிட்டாலும் 1,28,000 சதுர கிலோமீட்டர் என்கிறது நாசா தொடர்பான ஓர் ஆய்வு; அதாவது கிட்டத்தட்டத் தமிழ்நாடு. ஒரு தமிழ்நாட்டை வாராவாரம் சவரம் செய்கிறார்கள்! எங்கள் பட்டையும் அதில் சேர்த்திதான். சில நாள், இது சமரசம் இல்லை, மரியாதை என்று தோன்றுகிறது. தினமும் அந்தப் பக்கம் நடப்பவர்களுக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் பாத்தியதை உண்டே. சில நாள், பல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லாத அந்த மௌனம்தான் இந்தப் பட்டை என்று தோன்றுகிறது. ஒரு பக்கமும் நிற்க முடியவில்லை.

மூன்றாம் வருஷம் அது தாவியது. காம்பஸ் பிளாண்ட் என்ற செடி வெட்டுப்பட்ட வாழைநார் மாதிரி கிழிந்த இலைகளை வடக்கு தெற்காக நிறுத்திக்கொண்டு நிற்கிறது. அதன் வேர் பதினைந்து அடி வரை போகும், அதனால் பூக்கவே சில வருஷம் எடுத்துக்கொள்ளுமாம். புளூஸ்டெம் என் தலைக்கு மேலே போய், நுனியில் கோழிக்கால் மாதிரி மூன்றாய்ப் பிரிந்தது. சோளம், கரும்பு, வெட்டிவேர் எல்லாம் அதற்குப் பங்காளிகள். வாத்துகள் எதிர்க் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டன. அங்கே இருக்கும் வக்கீல் என்னோடு இப்போது பேசுவதில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம் பட்டையில் நின்றபோது கொத்தமல்லி வாசனை வந்தது. யாரோ டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. டிராப்சீட் என்ற சன்னமான புல் பூத்திருந்தது. சிலர் அதைச் சோளப்பொரி வாசனை என்பார்கள், எனக்குக் கொத்தமல்லிதான். அம்மாவைக் கூட்டிவந்து முகரச் சொன்னேன். "ஆமா, மல்லி" என்றார். அப்புறம் காலடியைப் பார்த்துக்கொண்டே, "பாம்பு இருக்கும், வா" என்றார்.

அந்தக் காபிக் கோப்பை இப்போது என் மேசையில் பேனா தாங்கி. விளிம்பில் கொஞ்சம் கறை இருக்கிறது, கழுவவில்லை.

இந்த ஜூலையில் ஒருநாள் போனில் இருந்தேன். வெளியே பட்டையை வெட்டும் இரைச்சல். திடீரென்று நின்றது. நிமிர்ந்தால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதே தொப்பி, கையில் எதையோ தூக்கிக் காட்டுகிறார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவைத் திறந்தேன். அவர் கையில் இருந்தது காலி பாட்டில். தண்ணீர் வேண்டுமாம்.